சேலமா, வேலூரா, சென்னையா: பிள்ளையின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடம் முடிவு செய்வது

பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே வீட்டில் ஆளுக்கொரு ஊர் சொல்லத் தொடங்குவார்கள். சித்தப்பா வேலூர் என்பார். எதிர்வீட்டு ஆசிரியர் அடையாறு என்பார். பக்கத்திலேயே இருந்தால்தான் சோறு தண்ணி கொடுக்க முடியும் என்று அம்மாயி சேலத்தை விடமாட்டார். மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் மூவருமே ஆஸ்பத்திரியின் பெயரில் தொடங்குகிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் எங்கே ஆன்டிபயாட்டிக் ஊசி ஏறும்? இதற்குப் பதில் வைத்துக்கொண்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தக் கட்டுரை, குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். என்னும் ரத்தப் புற்றுநோயை வைத்து எழுதப்பட்டது. வேறு நோயானாலும் ஒப்பிடும் முறை பெரிதாக மாறாது. கால அளவுதான் மாறும்.

முதலில் நாட்காட்டி

ஏ.எல்.எல். சிகிச்சை மொத்தம் இரண்டு முதல் மூன்று ஆண்டு. அந்தக் காலம் முழுதும் ஒரே மாதிரி இருக்காது. முதல் நான்கைந்து வாரம் மிகக் கடுமையானது. தினமும் ஸ்டீராய்டு மாத்திரை, வாராவாரம் வின்கிரிஸ்டின் என்னும் கீமோ ஊசி, சில நாள் இடைவெளியில் அஸ்பராஜினேஸ் என்னும் இன்னொரு ஊசி, நடுவில் முதுகுத்தண்டு ஊசி. அந்தக் கட்டத்தின் முடிவில் எலும்பு மஜ்ஜையை மறுபடி எடுத்து, நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதன் பிறகு ஆறு முதல் ஒன்பது மாதம் ஏற்ற இறக்கமாக ஓடும்; சில வாரம் தொடர்ந்து ஊசி, சில வாரம் கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஏறும்வரை காத்திருப்பு. கடைசிக் கட்டமான பராமரிப்பு சிகிச்சைதான் நீளமானது. தினமும் ஒரு மாத்திரை, வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் என்னும் கீமோ மாத்திரை, மாதம் ஒரு முறை பரிசோதனை, சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை முதுகு ஊசி.

ஆக, ஊரை முடிவு செய்யும்போது ஒரு முடிவு போதாது. முதல் ஐந்து வாரத்துக்கு ஒன்று, அடுத்த எட்டு மாதத்துக்கு ஒன்று, அதற்கடுத்த இரண்டு ஆண்டுக்கு ஒன்று என மூன்று முடிவுகள் வேண்டும். "ஒரேயடியாக வேலூர்", "ஒரேயடியாக சேலம்" என்று முடிவு செய்த குடும்பங்கள்தான் நடுவில் மூச்சு வாங்குகின்றன.

வளர்ந்த நாடுகளில் இந்த நோய் வந்த பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். இங்கே அந்த எண்ணிக்கை குறைவதற்குக் காரணங்கள் மூன்று: நோய் திரும்புவது, இடையில் வரும் நோய்த்தொற்று, சிகிச்சையைப் பாதியில் விடுவது. முதலாவதை டாக்டர் பார்த்துக்கொள்வார். மற்ற இரண்டும் தூரம், பணம், ஆள் பலம் சம்பந்தப்பட்டவை. நீங்கள் எடுக்கும் முடிவு அங்கேதான் பலன் தரும்.

நான்கு வழிகள்

ஒன்று, முழுச் சிகிச்சையும் சேலத்தில். இரண்டு, வேலூருக்கோ சென்னைக்கோ வீட்டிலிருந்து போய்வருவது. மூன்று, அந்த ஊருக்கே குடிபெயர்ந்து சில மாதம் தங்குவது. நான்கு, பெரிய சிகிச்சை அங்கே, காய்ச்சலும் ரத்தமும் சேலத்தில் என்று பிரித்துக்கொள்வது.

சேலத்தில் முழுச் சிகிச்சை என்றால் வீடு பக்கம், சோறு பக்கம், மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது தடைபடாது. ரத்தம் கொடுக்க ஆள் கிடைக்கும். இதன் மதிப்பு, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் தேவைப்படும் முதல் இரவில்தான் தெரியும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கலெக்டர் அலுவலகத்துக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் பக்கத்தில், ஊர் நடுவிலேயே இருக்கிறது. அரசோ தனியாரோ, எங்கே சேர்ப்பதானாலும் நான்கு கேள்விகளை நேரடியாகக் கேளுங்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கென்றே பயிற்சி பெற்ற டாக்டர் இருக்கிறாரா, அல்லது பெரியவர்களைப் பார்ப்பவரே பார்க்கிறாரா? நோயின் வகையைப் பிரித்துச் சொல்லும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனையும், ஐந்தாம் வார முடிவில் மிச்சமிருக்கும் நோயை அளக்கும் எம்.ஆர்.டி. பரிசோதனையும் எங்கே அனுப்பப்படும்? குழந்தைகளுக்கான ஐ.சி.யூ. அதே கட்டடத்தில் உண்டா? இரவில் பிளேட்லெட் கிடைக்குமா? நான்குக்கும் தெளிவான பதில் வந்தால் சேலம் தாராளமாகப் போதும். முதல் கேள்விக்கே இழுத்தார்கள் என்றால் முதல் கட்டத்துக்கு வெளியூர் போங்கள். எந்த வகை, எவ்வளவு வீரியம் என்று முதல் வாரத்தில் தவறாகப் பிரித்தால் அந்தத் தவறு மூன்று ஆண்டும் கூடவே வரும்.

வெளியூர் என்றால் சேலத்துக்காரர்கள் பெரும்பாலும் நினைப்பது மூன்று நான்கு இடங்கள்: வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர். அடையாறு மருத்துவமனை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது. எழும்பூர் மருத்துவமனை அரசுடையது. எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஆத்தூர், விருத்தாசலம் வழியாக எழும்பூருக்கே போகும் சேலம் ரயில் இதற்குப் பொருந்தும். அடையாறு போவதானால் சென்ட்ரலில் இறங்கி நகரத்தைக் கடக்க வேண்டும். காலை நெரிசலில் அதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வேலூர் ரயில் வழியில் சுமார் 205 கிலோமீட்டர். காட்பாடியில் இறங்கி ஆட்டோவோ பஸ்ஸோ பிடிக்கலாம். சென்னை சுமார் 335 கிலோமீட்டர். இந்த 130 கிலோமீட்டர் வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றும். கீமோ முடிந்து வாந்தி எடுத்துக்கொண்டு வரும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது இரண்டு மணி நேரம். இன்னொன்று: இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் நள்ளிரவுக்குப் பின் காட்பாடியில் இறக்கிவிடும், விடியும்வரை பிளாட்பாரத்தில் கொசுவோடு உட்கார வேண்டிவரும். கவுண்ட் குறைந்த பிள்ளைக்கு அது ஆகாது. முந்தின நாள் மாலைக்குள் போய்ச் சேருகிற ரயிலே சரி. சி.எம்.சி.க்கு வேலூர் நகரத்தில் ஒரு வளாகமும், 2022-ல் திறந்த ராணிப்பேட்டை வளாகமும் உண்டு. அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று இருக்கும். அதைப் பார்க்காமல் போய் அரை நாளைத் தொலைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நகர வளாகத்தைச் சுற்றிய தெருக்களில் வங்காள மொழிப் பலகைகளைப் பார்த்து ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று திகைக்க வேண்டாம். வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகள் அவ்வளவு பேர்.

போய்வருவது, அதாவது இரண்டாவது வழி, பார்க்கச் சிக்கனமாகத் தெரியும். உண்மையில் முதல் எட்டு மாதத்துக்கு இதுதான் இருப்பதிலேயே மோசம் என்பது எங்கள் கருத்து. அஸ்பராஜினேஸ் போட்ட பிறகு ஒவ்வாமை வருகிறதா என்று ஒரு மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் இருப்பவர்கள் அந்த ஒரு மணி நேரத்தைத் திருடுவார்கள். கவுண்ட் குறைவு, இன்று ஊசி இல்லை, வியாழன் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினால் ஊருக்குப் போவதா, லாட்ஜில் தங்குவதா என்று பணமும் மனமும் அலையும். நான்கு முறை அப்படி ஆனால் ஐந்தாம் முறை போகாமல் இருந்துவிடத் தோன்றும். பாதியில் விடுபவர்கள் ஒரே நாளில் விடுவதில்லை. இப்படித்தான் ஒவ்வொரு வாரமாகத் தள்ளிப்போகும்.

மூன்றாவது வழி, குடிபெயர்வது, முதல் ஐந்து வாரத்துக்குக் கட்டாயம் என்றே சொல்லலாம். பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றி, வாடகைக்கு அடுப்பும் பாத்திரமும் தரும் அறைகள் கிடைக்கும். அறை பார்க்கும்போது விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை: தனிக் கழிவறை, சுவரில் ஈரப் பூஞ்சை இல்லாமை, பக்கத்தில் கட்டட வேலை நடக்காமை. கட்டடப் புழுதியிலும் ஈரச் சுவரிலும் இருக்கும் பூஞ்சை, நல்ல உடம்புக்கு ஒன்றும் செய்யாது; வெள்ளணு இல்லாத பிள்ளையின் நுரையீரலில் வேர் பிடிக்கும். மாடி ஏறிப் பாருங்கள். ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்குத் தொடைத் தசை சோர்ந்துபோகும். மூன்றாவது மாடி அறையென்றால் தூக்கித்தான் ஏற வேண்டும்.

நான்காவது வழியே பெரும்பாலான சேலம் குடும்பங்களுக்குப் பொருந்தும். ஆனால் அது தானாக அமையாது.

பிரித்துக்கொள்வதென்றால் எப்படி

வெளியூர் டாக்டர் "காய்ச்சல் வந்தால் பக்கத்தில் காட்டுங்கள்" என்று வாயால் சொல்வது ஏற்பாடு ஆகாது. டிஸ்சார்ஜ் ஆகும் முன் ஒரு பக்கத்தில் கடிதம் கேட்டு வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: நோயின் வகை, எந்தச் சிகிச்சைத் திட்டம், இப்போது எந்தக் கட்டம், கடைசியாக என்ன மருந்து எந்தத் தேதியில், பிள்ளையின் எடை, மருந்து ஏற்ற உடம்பில் வைத்த குழாய் (பிக் லைனோ போர்ட்டோ) உண்டா, எந்த மருந்துக்கு ஒவ்வாமை, காய்ச்சல் வந்தால் முதல் ஆன்டிபயாட்டிக் எது, எடைக்கு எவ்வளவு, எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும். ரத்தம் ஏற்றினால் கதிர்வீச்சு கொடுத்த ரத்தம் வேண்டுமா என்பதும் அதில் இருக்கட்டும். இரண்டு நகல் எடுத்து ஒன்றை லேமினேட் செய்யுங்கள். ஒரு படம் அப்பா போனில், ஒன்று அம்மா போனில். கட்டம் மாறும்போதெல்லாம் புதுக் கடிதம். ஆறு மாதப் பழைய கடிதத்தில் பிள்ளையின் எடை மூன்று கிலோ குறைவாக இருக்கும். மருந்து அளவும் அதற்கேற்பக் குறைந்துவிடும்.

ஊர் திரும்பியதும் பிள்ளை நன்றாக இருக்கும் ஒரு பகல் வேளையில் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்குள்ள குழந்தை மருத்துவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டி, கோப்பு திறந்துவிடுங்கள். நடுராத்திரி பணியில் இருக்கும் இளம் டாக்டருக்கு உங்கள் பிள்ளை யாரோ ஒருவர். காய்ச்சல் என்றதும் ஊரில் வழக்கமாகச் செய்வதையே செய்வார்: பாராசிட்டமால் ஊசி, ஒரு ரத்தப் பரிசோதனை, காலையில் வாருங்கள். இதில் மூன்று தவறு. பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும், தொற்றை ஒன்றும் செய்யாது. பிளேட்லெட் குறைந்த பிள்ளைக்கு இடுப்பில் போடும் ஊசி உள்ளே ரத்தம் கட்ட வைக்கும். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. கிருமியைக் கண்டறியும் ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். வந்த நேரத்திலிருந்து 60 நிமிடம் என்பதே கணக்கு. கடிதம் கையில் இருந்தால் இதை நீங்கள் வாதாட வேண்டியதில்லை, நீட்டினால் போதும்.

காய்ச்சல் என்றால் எவ்வளவு? பொதுவாக 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் ஒரு மணி நேரம் நின்றாலும், ஒரே தடவை 101-ஐத் தொட்டாலும் கிளம்ப வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரி வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே செல்லும். கையால் தொட்டுப் பார்ப்பது கணக்கில் சேராது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் பேட்டரி எப்போதும் ராத்திரியில்தான் தீரும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கவே கூடாது, எனிமாவும் கூடாது. அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி நேராக ரத்தத்துக்குப் போகும். ஸ்டீராய்டு சாப்பிடும் வாரங்களில் காய்ச்சல் அடிக்காமலேயே தொற்று இருக்கலாம். நடுக்கம், கை கால் சில்லிடுவது, எழுப்பினால் எழாத தூக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

மலையில் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு

ஏற்காட்டிலிருந்து சேலம் முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவு. பகலில் ஒரு மணி நேரம். நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை பக்கமென்றால் ஏற்காட்டுக்கு வருவதே தனிப் பயணம். இரவில் வண்டி கிடைக்கும் நேரத்தையும் மூடுபனியையும் சேர்த்தால் அந்த 60 நிமிடம் மலையிலேயே கரைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை மண்சரிந்து அடைபடுவதும் உண்டு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதை அப்படித்தான் நின்றது. குப்பனூர் வழி இன்னொரு பாதை இருந்தாலும் எந்த ராத்திரி எது திறந்திருக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

அதனால் மலைக் குடும்பங்கள் முதல் எட்டு மாதம் கீழே இறங்கி இருப்பதே நல்லது. அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சி பக்கம் அறை பார்த்தால் ஆஸ்பத்திரியும் பக்கம், மலைக்குப் போகும் பஸ்ஸும் அந்த வழியே. அம்மாப்பேட்டை போன்ற தறிப் பகுதிகளில் வாடகை குறைவாகக் கிடைக்கலாம். தறிக்கூடத்துக்கு மேல்மாடி வேண்டாம், பஞ்சுத் தூசி நிற்காது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்கு ஒட்டிய அறையும் வேண்டாம்; அமிலப் புகை. எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள் இருவரில் ஒருவர் மலையில் வேலையைத் தொடர்வதா, இருவரும் இறங்குவதா என்ற கேள்வி வரும். ஒருவர் சம்பளம் நிற்கவே கூடாது. பிள்ளையோடு இருப்பவர் கீழே, மற்றவர் வார இறுதியில் இறங்கி வந்து மாற்றிவிடுவது என்பது ஓரளவு தாங்கும் ஏற்பாடு.

பராமரிப்புக் கட்டத்தில் மலைக்குத் திரும்பலாம். அப்போதும் காப்பித் தோல், குப்பை எரு, மக்கிய இலை பக்கம் பிள்ளையை விடாதீர்கள். கீழே இறங்கும் நாளில், டாக்டர் எழுதிக்கொடுத்த வாந்தி மாத்திரையை வண்டி ஏற அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள். மூன்றாவது வளைவில் கொடுத்துப் பயனில்லை.

யார் கூட இருப்பது

அரசு ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் வார்டில் பெரும்பாலும் ஒருவர்தான், இரவில் பெண்கள்தான். அதனால் எல்லா இடத்திலும் பாரம் அம்மா மேல் விழும். மூன்று ஏற்பாடுகளைப் பார்க்கிறோம்: அம்மா மட்டும், அம்மாவும் அப்பாவும் மாறி மாறி, அம்மாவும் அம்மாயியோ அத்தையோ.

அம்மா மட்டும் என்பது இரண்டு வாரம் ஓடும். மூன்றாவது வாரத்தில் தூக்கமில்லாமல் மாத்திரை தவறும். தவறினால் ஆபத்தான மாத்திரை ஒன்று உண்டு: மெத்தோட்ரெக்சேட். அது வாரம் ஒரு முறை. யாரோ தினமும் என்று நினைத்துக் கொடுத்துவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, கவுண்ட் அடியோடு சரிந்துவிடும். அட்டையிலேயே "வெள்ளி மட்டும்" என்று மார்க்கரில் எழுதி, மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல் வேறு டப்பாவில் போடுங்கள்.

மாற்றி மாற்றி இருப்பவர்களுக்கு ஒரு தடை: தகவல் கைமாறும்போது உதிர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் சொல்கிறோம் என்பார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. நாற்பது பக்க நீள நோட்டுதான் இன்னும் வெல்கிறது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம், இப்படி:

செவ்வாய், 9-ஆம் நாள், எடை 16.4 கிலோ.
காலை 6: காய்ச்சல் 98.8. வாய் கொப்பளித்தாள்.
8.00: ஸ்டீராய்டு ஒன்றரை, இட்லிக்குப் பிறகு.
10.30: ஊசி. ஒரு மணி நேரம் பார்த்தார்கள், தடிப்பு இல்லை.
ஒன்றுக்கு 5 தடவை. வெளிக்குப் போய் 2 நாள். டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
கவுண்ட்: ஹீமோகுளோபின் 7.9, வெள்ளணு 1,200, நியூட்ரோஃபில் 30 சதவீதம், பிளேட்லெட் 28,000.

இந்தப் பக்கத்தில் இரண்டு விஷயம் கவனியுங்கள். வெளிக்குப் போகவில்லை என்பது சின்ன விஷயமில்லை. வின்கிரிஸ்டின் குடலை மந்தமாக்கும், மூன்று நாள் விட்டால் வயிறு உப்பி வலிக்கும். அடுத்தது கவுண்ட். மொத்த வெள்ளணு 1,200, அதில் கிருமியை எதிர்க்கும் வகையான நியூட்ரோஃபில் 30 சதவீதம். 1,200-ஐ 30-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 360. இந்த எண் 500-க்குக் கீழே இருந்தால் பிள்ளைக்குக் காவல் இல்லை என்று பொருள். அந்த வாரம் பார்க்க வருகிறவர்களை ஜன்னலுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். மனம் நோகட்டும், பரவாயில்லை.

பணம்: அட்டை எதைத் தாங்கும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உதவி எண் 1800 425 3993. அடிக்கடி இடிக்கும் இடம், ரேஷன் அட்டையில் நோயுற்ற பிள்ளையின் பெயரே இல்லாமல் இருப்பது. மூத்தவன் பெயர் இருக்கும், நான்கு வயதுக் கடைக்குட்டி பெயரைச் சேர்க்காமலே விட்டிருப்பார்கள். நோய் தெரிந்த வாரத்திலேயே பிறப்புச் சான்றும் ஆதாரும் கொடுத்துச் சேர்த்துவிடுங்கள்.

காப்பீட்டு அட்டையை வைத்து ஒப்பிடும்போது, அரசு ஆஸ்பத்திரியில் அட்டையில்லாத செலவும் குறைவு. தனியாரில் அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருந்தாலும், உங்கள் பிள்ளையின் சிகிச்சைக் கட்டத்துக்கு அனுமதி உண்டா, அனுமதித்த தொகைக்கு மேல் யார் கட்டுவது என்று எழுத்தில் கேளுங்கள். அறை வாடகை, ரயில், சாப்பாடு, இழந்த கூலி எதையும் எந்த அட்டையும் தராது. மூன்று ஆண்டில் குடும்பத்தை முறிப்பது பெரும்பாலும் இவைதான். நகையை முதல் மாதத்திலேயே வைக்காதீர்கள். எட்டாம் மாதம் தேவைப்படும்.

ரயிலில் புற்றுநோயாளிக்குச் சிகிச்சைக்காகப் போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் முழு இலவசம். கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் சான்று வாங்கி, ஸ்டேஷன் கவுண்டரில் எடுக்க வேண்டும். மூன்றடுக்கு ஏ.சி.யே எடுங்கள். வசதிக்காக மட்டுமில்லை, கூட்டம் குறைவு.

ரத்தம்

இதில் சேலம் தெளிவாக ஜெயிக்கிறது. வெளியூரில் பிளேட்லெட் வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவது? பிளேட்லெட்டின் ஆயுள் ஐந்தே நாள். முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது. வெளியூரில் இருக்கப் போகிறீர்கள் என்றால் அந்த ஊரில் படிக்கிற, வேலை பார்க்கிற உறவுக்காரப் பையன்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று பத்துப் பேர் பெயரும் ரத்தப் பிரிவும் முதல் வாரத்திலேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். ஒருவரிடமிருந்து இயந்திரத்தில் பிளேட்லெட் மட்டும் பிரித்து எடுப்பதானால் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். கை நரம்பு நன்றாகத் தெரிய வேண்டும், முந்தின மூன்று நாள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது.

அப்பாவே கொடுக்கிறேன் என்று கையை நீட்டுவார். நெருங்கிய ரத்த உறவினர் ரத்தத்தை அப்படியே ஏற்றுவது ஆபத்து. செல்கள் ஒத்துப்போவதால் பிள்ளையின் உடம்பு அதை அந்நியமாக அறியாது. வந்த வெள்ளணுக்கள் உள்ளே பெருகிப் பிள்ளையையே தாக்கும். கதிர்வீச்சு கொடுத்த ரத்தமென்றால் அந்த ஆபத்து நீங்கும். அந்த வசதி இல்லாத இடத்தில் அப்பா தன் ரத்தத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு வேறொருவருடையதை வாங்கிக்கொள்வதே சரி.

வாய்க்கும் வயிற்றுக்கும்

சுடச்சுட வெந்ததெல்லாம் கொடுக்கலாம், இட்லிக்குத் தடையில்லை. தட்டுவடை செட்டுக்குத் தடை உண்டு, பச்சைக் காய்கறித் துருவலும் திறந்த சட்னியும் அதில்தான் இருக்கின்றன. பிள்ளை அழுதாலும் அது கவுண்ட் ஏறிய பிறகு. வாய்ப்புண் வந்த வாரத்தில் ஜவ்வரிசிக் கஞ்சி வழுக்கிக்கொண்டு இறங்கும். அது வெறும் மாவுச்சத்து என்பதால் காய்ச்சிய பால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் கொதித்து ஆறிய தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கொப்பளிக்க வையுங்கள்.

சொல்வதா, மறைப்பதா

பெரியவர்கள் மறைக்கச் சொல்வார்கள். பிள்ளை ஐந்து வயதைத் தாண்டியிருந்தால் மறைப்பது நடக்காது. பக்கத்துக் கட்டில் பிள்ளை சொல்லிவிடும், அதுவும் தப்பாக. நோயின் பெயரை எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம். ஊசியைப் பற்றி மட்டும் பொய் சொல்லாதீர்கள். "ஒண்ணும் இல்ல, டாக்டர் மாமா சும்மா பாப்பாரு" என்று ஒரு தடவை ஏமாற்றினால் அடுத்த முப்பது ஊசிக்கும் நான்கு பேர் பிடிக்க வேண்டியிருக்கும். "கண்ணு, வலிக்கும். பத்து எண்ணறதுக்குள்ள முடிஞ்சிரும். கைய அம்மா புடிச்சுக்கறேன்" என்பது வேலை செய்யும். மரத்துப்போக வைக்கும் களிம்பை டாக்டரிடம் கேட்டு, ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே தடவி மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டுங்கள். பத்து நிமிடம் முன் தடவிவிட்டுப் பயனில்லை என்று சொல்பவர்கள் அதிகம்.

வீட்டில் அம்மை வந்தால்

சேலத்தில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ சின்னம்மை போட்டால் வேப்பிலை கட்டிவிட்டு, ஆஸ்பத்திரியில் வாயே திறக்காத வழக்கம் இன்னும் இருக்கிறது. மாரியம்மனுக்குச் செய்வதைச் செய்யுங்கள். அதே நாளில் டாக்டருக்கும் போன் போடுங்கள். கீமோவில் இருக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் இறங்கும். தொற்றுப் பட்ட பிறகு கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி (வழக்கமான அம்மைத் தடுப்பூசி இல்லை) நான்கு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். பிள்ளை மேல் கொப்புளம் தெரியும்வரை காத்திருந்தால் அந்த நான்கு நாளும் போயிருக்கும்.

நடுவில் ஊர் மாற்றினால்

மாற்றலாம், தப்பில்லை. ஆனால் ஒரு கட்டம் முடியும் இடத்தில் மாற்றுங்கள், ஊசிச் சுற்றின் நடுவில் வேண்டாம். கையோடு வாங்க வேண்டியவை: முதல் எலும்பு மஜ்ஜை அறிக்கை, ஃப்ளோ சைட்டோமெட்ரி அறிக்கை, குரோமோசோம் பரிசோதனை முடிவு, ஐந்தாம் வார எம்.ஆர்.டி. முடிவு, இதுவரை போட்ட ஒவ்வொரு மருந்தின் தேதியும் மொத்த அளவும். கடைசியாகச் சொன்னது முக்கியம். டானோரூபிசின் வகைக் கீமோ மருந்துகளுக்கு ஆயுள் முழுதும் சேர்த்து ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் இதயம் பழுதாகும். புது டாக்டர் அந்தக் கணக்கைப் பழைய தாளில் இருந்துதான் எடுக்க முடியும். முதல் நாள் எடுத்த மஜ்ஜை ஸ்லைடுகளையும் கேளுங்கள்; கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். அவற்றைச் சட்டைப் பையில் போடாமல், பஞ்சு வைத்த சின்ன டப்பாவில், நோட்டோடு ஒரே பையில் கொண்டுபோங்கள்.